சோதனைக்குழாய்களின் நகரம் – 17: பற்றும் மணிகள்

சென்ற வாரம் 92, அப்பர் சர்க்குலர் சாலையின் வாசலில் நிறுத்தியிருந்தோம். தாரக்நாத் பாலித்தும் ராஷ்பிஹாரி கோஷும் அள்ளிக் கொடுத்த கொடையில், 1914 மார்ச் 27 அன்று அசுதோஷ் முகர்ஜி அடிக்கல் நாட்டிய கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரி அது. 1916-இல் பிரசிடென்சி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பிரபுல்ல சந்திர ராய் வேதியியல் பேராசிரியராக அங்கே வந்து சேர்ந்தார். மறு ஆண்டு நம் சி.வி. ராமன் இயற்பியல் பேராசிரியராக வந்தார். ராமனின் கதை நமக்குத் தெரியும். அதே கல்லூரியில், அதே ஆண்டுகளில், வேதியியல் பகுதியில் நடந்த ஒரு தேடலைத் தமிழில் அதிகம் பேர் சொல்லவில்லை. மிக மிகக் குறைவாக இருக்கும் ஒரு பொருளை, அதைச் சூழ்ந்திருக்கும் ஆயிரம் பொருள்களுக்கு நடுவிலிருந்து எப்படிப் பிரித்து எடுப்பது என்பதே அந்தத் தேடல்.

இந்தக் கேள்வியில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடம் என்றதும் நம் கண் விலையுயர்ந்த கருவியின் மேல்தான் போகிறது. அந்தக் கருவியிடம் மாதிரியைக் கொடுப்பதற்கு முன்னால் நடக்கும் வேலை, அதாவது தேவையானதைச் சேர்த்துத் தேவையில்லாததை விலக்கும் வேலை, யார் கண்ணிலும் படுவதில்லை. எண் சரியா தவறா என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்களின் உடல்நலம் அந்த எண்ணைச் சார்ந்திருந்தது.

பிரபுல்ல சந்திரரின் மாணவர்களில் ஒருவர் பிரியதாரஞ்சன் ராய். 1888-இல் சிட்டகாங் பகுதியில் பிறந்தவர். ஆசிரியரிடமிருந்து இரண்டு விஷயங்கள் இவருக்கு வந்தன. ஒன்று, உலோகச் சேர்மங்களின் மேல் பற்று. இன்னொன்று, பகுப்பாய்வு பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணம். பிரபுல்ல சந்திரர் பாதரச நைட்ரைட்டால் பேர் வாங்குவதற்கு முன்பே, 1894-இல், சந்தையில் விற்ற நெய்யையும் கடுகெண்ணெயையும் சோதித்துக் கட்டுரை வெளியிட்டிருந்தார். எது கலப்படம், எது அசல் என்று சொல்ல முடிவதை அவர் வேதியியலின் முதல் கடமைகளில் ஒன்றாக நினைத்தார்.

1924-இல் பிரபுல்ல சந்திரரை முதல் தலைவராகக் கொண்டு கல்கத்தாவில் இந்திய வேதியியல் சங்கம் பிறந்தது. அதன் காலாண்டிதழில் 1926-இல் பிரியதாரஞ்சன் ரூபியானிக் அமிலம் பற்றி எழுதினார். சிக்கனமான சோதனை அது. ரூபியானிக் அமிலத்தை ஆல்கஹாலில் கரைத்து வடிதாளில் ஊறவிட வேண்டும். சோதிக்க வேண்டிய கரைசலில் ஒரு சொட்டு அதன் மேல் வைத்து, திறந்த அம்மோனியாப் புட்டியின் ஆவியில் காட்ட வேண்டும். தாமிரம் இருந்தால் கரும்பச்சை. நிக்கல் இருந்தால் நீலம் கலந்த ஊதா. கோபால்ட் இருந்தால் பழுப்பு. மின்சாரமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். மைக்ரோகிராம் அளவில் உள்ள உலோகத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். கல்கத்தாவில் கிளம்பிய இந்தச் சோதனை உலகம் முழுக்கப் பாடநூல்களில் ஏறியது. வில்சன் நோயில் ஈரலில் படியும் தாமிரத்தை நுண்ணோக்கியில் காண மருத்துவர்கள் இன்றும் ரூபியானிக் அமிலச் சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

1933-இல் அவரும் எம்.கே. போஸும் குயினால்டினிக் அமிலத்தைக் கொண்டு வந்தார்கள். இந்த மூலக்கூறில் ஒரு பக்கம் நைட்ரஜன், அதற்கு மிக அருகே ஓர் அமிலத் தொகுதியின் ஆக்சிஜன். இரண்டும் சேர்ந்து ஓர் உலோக அயனியை நண்டு தன் கொடுக்குகளால் பிடிப்பது போலப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தில் ஐந்து அணுக்கள் கொண்ட வளையம் உண்டாகும். ஒற்றைக் கையால் பிடிப்பதைவிட இந்தப் பிடி பல மடங்கு உறுதியானது. இதைத்தான் நம் பாடநூல்கள் கொடுக்கிணைப்பு என்கின்றன.

பிடி உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, ஆளைத் தெரிந்து பிடிக்க வேண்டும். அதற்குப் பிரியதாரஞ்சன் பயன்படுத்திய திறவுகோல் அமிலத்தன்மை. கரைசல் சற்று அமிலமாக இருக்கும்போது குயினால்டினிக் அமிலம் தாமிரத்தை வீழ்படிவாக இறக்கிவிடும். துத்தநாகமும் காட்மியமும் கரைசலிலேயே நிற்கும். அமிலத்தைக் குறைத்தால் அவையும் இறங்கும். ஒரே வினைப்பொருள், ஒரே பாத்திரம். அமில அளவை மாற்றுவதாலேயே உலோகங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். இந்தத் தத்துவத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த ரெசின் மணிகளும் இதே தத்துவத்தில்தான் இயங்கின.

கொடுக்கிணைப்புச் சேர்மங்களின் வடிவத்தையே ஆராய்வதிலும் அவர் ஆழமாகப் போனார். மூன்று கொடுக்குகள் ஓர் உலோகத்தைச் சூழ்ந்த சேர்மம், ஒரு பிடியும் விடாமல் தன்னை முறுக்கிக்கொண்டு கண்ணாடிப் பிம்ப வடிவத்துக்கு மாற முடியும் என்று 1943-இல் என்.கே. தத்தோடு சேர்ந்து எழுதினார். ராய்–தத் முறுக்கு என்ற பெயரில் உலகெங்கும் மாணவர்கள் அதை இன்றும் படிக்கிறார்கள்.

ஆனால் இந்த வினைப்பொருள்களுக்கு ஓர் எல்லை இருந்தது. வடிதாளின் மேல் ஒரு சொட்டு வைக்கும்போது அந்தச் சொட்டில் போதிய உலோகம் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரில் அரை மைக்ரோகிராம் தாமிரம்தான் என்றால், ஒரு சொட்டில் என்ன இருக்கும்? கடல்நீர் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் மட்டுமே கிட்டத்தட்ட 10.8 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம். நமக்கு வேண்டிய தாமிரமும் நிக்கலும் காட்மியமும் இவற்றில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூடத் தேறுவது கடினம். ஹூக்ளி கடலில் கலக்கும் சாகர் தீவுப் பக்கத்து நீரும் உப்பும் நன்னீருமாகக் கலந்த இந்த வகைதான். அந்த உப்பை அப்படியே கருவிக்குள் விட்டால், உப்பின் இரைச்சலில் தாமிரத்தின் குரல் கேட்காது. 1955-இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் அணு உறிஞ்சல் முறையை முன்வைத்த பிறகும் இந்தச் சிக்கல் தீரவில்லை. கருவி கூர்மையாகிவிட்டது, மாதிரியைச் செறிவாக்கிக் கொடுக்கும் வழிதான் வேண்டியிருந்தது.

வழி ஒரு விதத்தில் இங்கிலாந்தின் டெடிங்டனிலிருந்து வந்தது. ஹாரி ட்ரூவுடன் சேர்ந்து 1920-இல் கொடுக்கிணைப்புக்கு ஆங்கிலப் பெயர் சூட்டியவர் கில்பர்ட் மார்கன். அவரே 1925 முதல் டெடிங்டன் வேதி ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்தார். அவர் தலைமையில் வேலை செய்த ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் 1935-இல், பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் இணைத்த செயற்கை ரெசின்கள் தண்ணீரிலுள்ள அயனிகளை வாங்கிக்கொண்டு தம்மிடமுள்ள அயனிகளைத் திருப்பித் தரும் என்று காட்டினார்கள். 1940களில் ஸ்டைரீனும் டைவினைல்பென்சீனும் சேர்ந்த உறுதியான மணிகள் வந்தன. தண்ணீரை மென்மையாக்கும் தொழில் அவற்றின் மேல் வளர்ந்தது.

இந்தச் சாதாரண மணிகளுக்கு ஆளைத் தெரியாது. மின்னூட்டம் பார்த்துப் பிடிக்கும். கால்சியமோ தாமிரமோ அவற்றுக்குப் பெரிய வித்தியாசமில்லை. கொடுக்கிணைக்கும் மூலக்கூறை மணியின் உடலோடு வேதிப்பிணைப்பால் தைத்துவிட்டால் என்ன என்ற யோசனை அடுத்து வந்தது. 1950களின் இறுதியில் டவ் நிறுவனம் இமினோடைஅசிட்டேட் தொகுதி தைத்த ரெசினை விற்கத் தொடங்கியது. அதை நன்கு தூய்மைப்படுத்திய வடிவம் செலெக்ஸ் 100 என்ற பெயரில் ஆய்வுக்கூடங்களுக்குப் போனது. அந்தத் தொகுதியைக் கவனித்துப் பாருங்கள்: நடுவே ஒரு நைட்ரஜன், இரு பக்கமும் ஆக்சிஜன் கொண்ட அமிலக் கைகள், உலோகத்தைப் பிடித்தால் ஐந்தணு வளையங்கள் இரண்டு. குயினால்டினிக் அமிலத்தில் பார்த்த அதே நைட்ரஜன்–ஆக்சிஜன் பிடி. கரைசலில் மிதந்த வினைப்பொருளுக்கு இப்போது ஓர் உடல் கிடைத்துவிட்டது. வடிகட்டாமல், வீழ்படிவைத் தேடாமல், தண்ணீரை அதன் மேல் ஓடவிட்டாலே போதும்.

1968-இல் லிவர்பூலில் ரைலியும் டெய்லரும் இதைக் கொண்டு கடல்நீரிலிருந்து நுண்ணளவு உலோகங்களைச் சேர்த்துக் காட்டினார்கள். 1978-இல் அமெரிக்காவில் கிங்ஸ்டனும் அவரது சகாக்களும் முகத்துவார நீரிலிருந்தும் கடல்நீரிலிருந்தும் இரும்பு, மாங்கனீசு, தாமிரம், நிக்கல், கோபால்ட், துத்தநாகம், காட்மியம், ஈயம் ஆகிய எட்டையும் உப்பிலிருந்து பிரித்தார்கள்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு கண்ணாடிக் குழாய். அடியில் ஒரு சல்லடைத் தட்டு, அதன் மேல் சில கிராம் வெண்மணிகள். மாதிரி நீரின் அமில அளவை (pH எண்ணை) ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் நிறுத்துகிறார்கள். அதைவிட அமிலமானால் ஹைட்ரஜன் அயனிகளே கொடுக்குகளை அடைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் நீர் சொட்டுச் சொட்டாக மணிகளின் வழியே இறங்குகிறது. அவசரப்பட்டால் உலோகம் பிடிபடாமல் நழுவிவிடும். தாமிரமும் அதன் கூட்டாளிகளும் தங்குகின்றன. கால்சியமும் மெக்னீசியமும்கூடக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது அம்மோனியம் அசிட்டேட் கரைசலை ஊற்றுகிறார்கள். பலவீனமாக ஒட்டியிருந்த கால்சியமும் மெக்னீசியமும் கழுவப்பட்டுப் போகின்றன, உறுதியாகப் பிடிபட்டவை அசையாமல் நிற்கின்றன. கடைசியாக 10 மில்லிலிட்டர் நைட்ரிக் அமிலம். வலுவான அமிலம் வந்ததும் கொடுக்குகள் திறக்கின்றன. சேர்ந்திருந்த உலோகமெல்லாம் அந்தச் சிறு அளவில் வந்து இறங்குகிறது. மணிகள் அமில வடிவத்துக்குப் போகும்போது பாதி அளவாகச் சுருங்குவதைக் குழாயில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு லிட்டர் பத்து மில்லிலிட்டரானது, லிட்டருக்கு அரை மைக்ரோகிராமாக இருந்தது ஐம்பதாக உயர்ந்தது, உப்பு விலகிவிட்டது. இனி கருவி பேசலாம்.

இந்த முறையின் உண்மையான சோதனை இன்னொரு புட்டியில் இருக்கிறது. அதில் மாதிரி இருக்காது, தூய நீர் மட்டும் இருக்கும். அதையும் அதே குழாய், அதே அமிலம், அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் தாமிரம் வந்தால் அது அமிலத்திலிருந்தோ, புட்டியின் சுவரிலிருந்தோ, அறையின் தூசியிலிருந்தோ வந்தது. நூறு மடங்கு செறிவாக்கும் முறை நம் அழுக்கையும் சேர்த்தே செறிவாக்கிக் காட்டும். பாலித்தீன் புட்டிகளை நாள்கணக்கில் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவதும், வெற்று மாதிரியின் எண்ணை நேர்மையாக எழுதிவைப்பதும் இந்தத் துறையின் ஒழுக்கம். கருவி வாங்கப் பணம் ஒதுக்கும் அரசுகள் புட்டி கழுவவும் வெற்று மாதிரி ஓட்டவும் ஆளுக்கும் நேரத்துக்கும் ஒதுக்குவதில்லை. இதை நான் இந்தத் தொடரில் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

பிரியதாரஞ்சன் ராய் 1982-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல்நோய் மருத்துவர் கே.சி. சாஹா, உள்ளங்கையும் பாதமும் தடித்து முடிச்சு விழுந்த, உடலில் மழைத்துளி சிதறியது போலக் கரும்புள்ளிகள் கொண்ட கிராமத்து நோயாளிகளைப் பார்த்தார். ஆர்செனிக் நஞ்சு என்று அடையாளம் கண்டார். அவர்கள் குடித்தது அடிபம்புத் தண்ணீர். குளத்து நீரால் வரும் காலராவுக்கும் பேதிக்கும் மாற்றாக, பாதுகாப்பானது என்று நம்பி ஊரெங்கும் இறக்கிய குழாய்க் கிணறுகள் அவை. கங்கைச் சமவெளியின் இளம் வண்டலில் இரும்பு ஆக்சைடோடு ஒட்டியிருந்த ஆர்செனிக், பிராணவாயு இல்லாத ஆழத்தில் அந்த இரும்பு கரையும்போது நீரில் விடுபட்டது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை.

யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வுப் பள்ளியில் தீபங்கர் சக்ரவர்த்தி 1988-இல் கிணறு கிணறாகத் தண்ணீர் சேர்க்கத் தொடங்கினார். 1994-இல் அவரும் சகாக்களும் ஆறு மாவட்டங்களின் நிலையை லண்டன் இதழ் ஒன்றில் வெளியிட்டு, உலகிலேயே பெரிய ஆர்செனிக் பேரிடர் என்று தலைப்பிலேயே சொன்னார்கள். இருபது ஆண்டு உழைப்பின் கணக்கு 2009-இல் வந்தது: மேற்கு வங்கத்தின் 19 மாவட்டங்களிலிருந்து 1,40,150 குழாய்க் கிணறுகளின் நீர். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டியவை 48.1 சதவீதம். 50 மைக்ரோகிராமையும் தாண்டியவை 23.8 சதவீதம். ஒரு பல்கலைக்கழகத் துறை பல ஆண்டுகளாக மாதிரி மாதிரியாகக் கட்டிய எண்கள் இவை. சக்ரவர்த்தி 2018-இல் காலமானார். அந்த எண்கள் நிற்கின்றன.

அவர்கள் ஆர்செனிக்கைப் பிரித்த வழி வேறு. அமிலத்தில் சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்தால் ஆர்செனிக் வாயுவாக மாறி நீரைவிட்டு வெளியேறும். இரும்பும் உப்பும் பின்தங்கும். வாயு மட்டும் கருவியின் ஒளிப்பாதைக்குப் போகும். செலெக்ஸ் மணிகள் இங்கே உதவாது. அவை நேர் மின்னூட்டமுள்ள உலோகங்களுக்கானவை. ஆர்செனிக் நீரில் இரண்டு முகங்களோடு வாழ்கிறது. ஐந்திணை ஆர்செனிக் எதிர் மின்னூட்டம் கொண்ட ஆர்சனேட். மூவிணை ஆர்செனிக்குக் குடிநீரின் நடுநிலையில் மின்னூட்டமே இல்லை, நஞ்சும் அதற்கே அதிகம். இந்த வித்தியாசத்தையே ரெசின் பயன்படுத்திக்கொள்ளும். கிணற்றடியிலேயே நீரை எதிரயனி ரெசின் நிரம்பிய சிறு குழாயில் விட்டால் ஆர்சனேட் தங்கிவிடும், மூவிணை ஆர்செனிக் கடந்து போகும். எது எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக அளக்கலாம். இதைக் கிணற்றடியில்தான் செய்ய வேண்டும். காற்றுப் பட்டதும் நீரிலுள்ள இரும்பு துருவாகப் படிந்து, ஆர்செனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொண்டு புட்டியின் அடியில் இறங்கிவிடும்.

அளப்பதற்கு உதவிய இந்தப் பிடி, நீக்குவதற்கும் உதவுமா? கேட்டவர் யாதவ்பூரில் வேதிப் பொறியியல் படித்து, பின்னால் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான அரூப் சென்குப்தா. 1961-இல் ஃப்ரீட்ரிக் ஹெல்ஃபரிக் ஒரு புதிய வழியைக் காட்டியிருந்தார்: கொடுக்கிணைப்பு ரெசின் முதலில் ஓர் உலோகத்தைப் பிடிக்கட்டும், அந்த உலோகமே பிறகு வேறொன்றைப் பிடிக்கும். சென்குப்தாவின் குழு 1992-இல் இதை ஆர்செனிக்கின் பக்கம் திருப்பியது. நைட்ரஜன் கொடுக்குகள் தைத்த மணியில் தாமிரத்தை ஏற்றினார்கள். தாமிரத்தின் சில இணைப்பு இடங்கள் காலியாகவும், நேர் மின்னூட்டம் மிச்சமாகவும் இருந்தன. சாதாரண எதிரயனி ரெசின் சல்ஃபேட்டையே விரும்பிப் பிடித்து ஆர்செனிக்கை விட்டுவிடும். தாமிரம் ஏறிய மணியோ சல்ஃபேட்டைத் தள்ளிவிட்டு ஆர்சனேட்டைப் பிடித்தது.

ஆய்வுக்கூடத்தில் வென்ற இந்த மணி கிராமத்துக்கு அப்படியே போக முடியவில்லை. வங்கத்து நிலத்தடி நீரில் மின்னூட்டமில்லாத மூவிணை ஆர்செனிக் நிறைய. தாமிரத்தின் பிடி அதற்கு எட்டாது. இரண்டு முகங்களையும் பிடிப்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு, அதாவது நிலத்துக்கடியில் ஆர்செனிக்கை முதலில் வைத்திருந்த அதே பொருள். சென்குப்தாவும் சகாக்களும் எதிரயனி ரெசின் மணிக்குள்ளேயே இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களைப் படியவைத்து 2005-இல் வெளியிட்டார்கள். மணியின் நேர் மின்னூட்டம் ஆர்சனேட்டை உள்ளே இழுக்கும், இரும்பு அதைப் பிடித்து நிறுத்தும், காஸ்டிக் சோடாவால் கழுவினால் மணி மறுபடி வேலைக்குத் தயார்.

இதற்கு முன்பே, 1997 முதல், ஹௌரா பக்கம் ஷிப்பூரிலுள்ள வங்காளப் பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து, வடக்கு 24 பர்கானா கிராமங்களின் அடிபம்புகளில் நீக்கும் கலன்களைப் பொருத்தத் தொடங்கியிருந்தார்கள். முதலில் அவற்றில் அலுமினா இருந்தது. மின்சாரம் வேண்டாம், பம்பை அடிக்கும் கை பலமே போதும். கலனின் மேற்பகுதியில் காற்றுப் பட்டு இரும்பு படியும், கீழ்ப்பகுதியில் ஆர்செனிக் பிடிபடும். ஊர்க் குழு மாதச் சந்தா வாங்கிப் பராமரிக்கும். கழுவிய நஞ்சைத் திடமாக்கி, ஆற்றிலோ வயலிலோ விடாமல், மணல் படுகையில் காற்றோட்டமாகப் பாதுகாத்தார்கள். 2007-இல் அமெரிக்கப் பொறியியல் அகாதமியின் கிரெய்ஞ்சர் பரிசில் முதலிடம் வங்கதேசத்தில் பிறந்த அபுல் ஹுசாமின் வடிகலத்துக்கும், இரண்டாமிடம் சென்குப்தா குழுவுக்கும் கிடைத்தது. எல்லையின் இரு பக்கத்து வங்காளிகளும் ஒரே துயரத்துக்கு விடை தேடி ஒரே மேடையில் நின்ற ஆண்டு அது.

1926-இன் வடிதாளையும் 1997-இன் அடிபம்பையும் ஒரே வரலாற்றில் வைப்பதற்குக் காரணம் இதுதான்: அளப்பதற்கும் நீக்குவதற்கும் வேண்டியது ஒரே அறிவு. எதைப் பிடிப்பது, எதை விடுவது, எந்த அமில அளவில் பிடி திறக்கும் என்று அறிந்தவரே இரண்டையும் செய்ய முடியும். எந்தக் கலனும் ஒரு நாள் நிரம்பும். நிரம்பிவிட்டது என்று சொல்ல, வெளிவரும் நீரை யாராவது தவறாமல் அளந்துகொண்டிருக்க வேண்டும். அளப்பது நின்றுபோன ஊரில், நீக்கும் கலன் ஒரு நம்பிக்கையாக மட்டும் மிஞ்சும், நஞ்சு மறுபடி குடத்துக்குள் வரும். ஆகவே மாவட்டத்துக்கு மாவட்டம் நல்ல நீர்ச் சோதனைக்கூடமும், வெற்று மாதிரியை ஓட்டத் தெரிந்த ஆளும், அவருக்கு ஒழுங்கான சம்பளமும் வேண்டும். வங்கத்துக்கு மட்டுமா, புளோரைடோடு போராடும் நம் தருமபுரிக்கும் இது பொருந்தும்.

தண்ணீரிலிருந்து ஆர்செனிக்கை எடுத்தாகிவிட்டது; உடலுக்குள் ஏற்கெனவே சேர்ந்ததை என்ன செய்வது? கொடுக்கிணைக்கும் மூலக்கூறுகளை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார் கொல்கத்தா மருத்துவர் டி.என். குஹ மஜும்தார். அதில் ஒரு மருந்து வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்பதை அவர் மறைக்காமல் வெளியிட்டார். அந்தச் சோதனையின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)